டிப்ரஷன் மாத்திரையோடு சத்து மாத்திரை, மூலிகை மாத்திரை சேர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் சீட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதே ஆள் பக்கத்து அலமாரியைக் காட்டி, "இதுகூட மனசு தெம்பா இருக்க ஏதாச்சும் சத்து மாத்திரை குடுங்கக்கா" என்று கேட்கும்போது குரல் சாதாரணமாகிவிடும். அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பெரும்பாலும் சொல்வதே இல்லை. நான் பார்த்த சிக்கல்கள் பலவும் இங்கேதான் தொடங்கின. டாக்டருக்கு ஒரு மாத்திரை தெரியும், கடைக்காரருக்கு இன்னொன்று தெரியும், இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போவது யாருக்கும் தெரியாது.

கவுண்டரில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தவோ சேர்க்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைதானே, அது என்ன செய்துவிடப் போகிறது?

வேலை செய்கிற எதுவும் உடம்புக்குள் ஏதோ ஒன்றை மாற்றித்தான் வேலை செய்கிறது. மூலிகை மனதைத் தூக்கிவிடும் என்று நம்பி வாங்குகிறோம் என்றால், அது மூளையைத் தொடும் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் ஏற்கெனவே மூளையில் வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையோடு அது மோதுமா என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்?

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். மூளையில் நரம்பு செல்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற பொருளை இரண்டும் சேர்ந்து அளவுக்கு மேல் ஏற்றுமா? ஒன்று மற்றொன்றைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தை மாற்றுமா? இரத்தக்கசிவோ அதிகத் தூக்கமோ கூடுமா? இந்த மூன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை.

அமெரிக்காவிலிருந்து அக்கா செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பாட்டில் கொண்டுவந்தார். எஸ்சிட்டலோப்ராமோடு போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் சொல்லும் பதில் இதுதான்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு ஐரோப்பியச் செடி. ஜெர்மனியில் மனச்சோர்வுக்கு மருந்தாகவே பயன்படுகிறது. அது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பு 29 சோதனைகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட இது மேல், வழக்கமான டிப்ரஷன் மாத்திரைக்கு ஏறக்குறைய இணை என்ற முடிவு அதில் வந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த சோதனைகளில் மட்டும் பலன் கூடுதலாகத் தெரிந்ததையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

வேலை செய்கிறது என்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் ஆகிய டிப்ரஷன் மாத்திரைகள் செரோடோனினை நரம்பு செல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. இந்தச் செடியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. மாடித் தண்ணீர்த்தொட்டியின் வெளியேறும் குழாயை ஒருவர் பாதி அடைத்திருக்கிறார், தெரியாமல் இன்னொருவர் மீதியையும் அடைக்கிறார். தொட்டி வழியத்தான் செய்யும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். அதனால் வேறு மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், இதயத்துக்குப் போடும் டிகாக்சின், எச்.ஐ.வி. மருந்துகள், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் போடும் சைக்ளோஸ்போரின் எல்லாமே குறையும். 2000-ல் சூரிச் நகரில் இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேர் இந்த மூலிகையை எடுத்ததால் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, புது இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கடைச் சாமானாகக் கிடைக்கும் ஒரு மூலிகை மாத்திரை செய்த வேலை அது.

நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. அந்தக் கல்லீரல் வேகம் தணிய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே இதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு டாக்டர் புதிதாக டிப்ரஷன் மாத்திரை எழுதினால், முதல் மாத்திரையைப் போடும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா அன்போடுதான் கொண்டுவந்திருப்பார். "நான் வேற மாத்திரை எடுக்கிறேன்க்கா, ரெண்டும் சேராதாம்" என்று சொல்லிவிடுங்கள்.

5-ஹெச்.டி.பி., டிரிப்டோபான், சாம்-இ?

இவையும் நீங்களாகச் சேர்க்கக் கூடாதவை. சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபானிலிருந்து 5-ஹெச்.டி.பி., அதிலிருந்து செரோடோனின் என்று உடம்பு படிப்படியாகச் செய்துகொள்கிறது. 5-ஹெச்.டி.பி. மாத்திரையை மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிஃபோனியா செடி விதையிலிருந்து எடுக்கிறார்கள். குழாயை அடைத்துவிட்டு மோட்டாரையும் போட்டுவிடுவது போன்றது இந்தச் சேர்க்கை.

டிரிப்டோபானுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1989-ல் அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மனதுக்கும் என்று அதை வாங்கிச் சாப்பிட்ட 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான தசைவலியோடு ஓர் இரத்த நோய் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜப்பானிய நிறுவனம் ஒன்று தயாரித்த சரக்கோடு அது பெரும்பாலும் தொடர்புடையது என்றும், அதில் கலந்திருந்த மாசுகள் மீதுதான் சந்தேகம் என்றும் பிறகு தெரிந்தது. முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் இருக்கும் டிரிப்டோபானைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது இந்தக் கணக்கிலேயே வராது.

சாம்-இ என்பது உடம்பிலேயே உருவாகும் ஒரு பொருள், மாத்திரையாகவும் விற்கிறார்கள். அதை மனநல மருத்துவரே சில சமயம் மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. அது அவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

செரோடோனின் அதிகமானால் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் புதிதாக ஒன்றைச் சேர்த்த அல்லது அளவைக் கூட்டிய 24 மணி நேரத்துக்குள், பல நேரம் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தெரியும். கை நடுங்கும். ஒரு காரணமும் இல்லாமல் வியர்த்துக் கொட்டும். பேதி போகும். நெஞ்சு படபடக்கும், ஓரிடத்தில் உட்கார முடியாது. கண்மணி விரிந்திருக்கும். கால் தசை இறுகி, பாதத்தை மேல்நோக்கி அழுத்தினால் கணுக்கால் தானாகத் துள்ளும். முற்றினால் கடும் காய்ச்சல், பேச்சுக் குழறல், நினைவுத் தடுமாற்றம், வலிப்பு.

நம் ஊரில் பேதியும் காய்ச்சலும் என்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ வைரல் என்றோ நினைத்துவிடுவோம். புது மாத்திரையும் நடுக்கமும் சேர்ந்திருந்தால் அப்படி விட்டுவிடாதீர்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ குழப்பமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி என்னென்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கே சந்தேகம் வரும். அதனால் எல்லா அட்டைகளையும் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. வேகப்படுத்த ஏதாவது சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் முகத்தைப் பார்த்தாலே மனசு கனக்கும். தைரியத்தைத் திரட்டி டாக்டரிடம் போய், மாத்திரை வாங்கி, பத்து நாள் விழுங்கியும் விடியவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

ஆனால் இந்த மாத்திரைகள் அப்படித்தான். இரண்டு வாரத்தில் மெதுவாகத் தொடங்கி, முழுப்பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல், தலைவலி, படபடப்பு எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். கெட்டது முதலில், நல்லது பின்னால் என்பதால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றும். அந்த நேரத்தில் இன்னொன்றைச் சேர்த்தால், குமட்டல் எதனால் வந்தது, நாலாவது வாரம் தெளிவு எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

தாங்க முடியாமல் இருந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் இப்படிப்பட்ட எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டார் கவனமாக இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926.

அமுக்கரா சூரணம், வல்லாரை, நம்ம ஊர் மருந்தெல்லாம்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. "நம்ம ஊர் மருந்து" என்று ஒரே பையில் போட்டுவிட முடியாது.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தூக்கத்தைக் கூட்டும். ஏற்கெனவே தூக்கம் வரவைக்கும் மிர்ட்டாசபின், குளோனசபாம் எடுப்பவர்கள் சேர்த்தால் காலையில் எழுந்து வண்டி ஓட்டுவது ஆபத்து. தைராய்டு ஹார்மோனையும் ஏற்றலாம். தைராக்சின் போடும் பெண்கள் இதையும் சேர்த்து, நெஞ்சு படபடக்கிறது, அது டிப்ரஷன் மாத்திரையால்தான் என்று நினைத்து அந்த மாத்திரையை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அபூர்வமாகக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்த பதிவுகளும் உண்டு. கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

வல்லாரைத் துவையல் சாப்பிடுங்கள், பயமில்லை. அதையே செறிவாக்கிய மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். அதற்கும் கல்லீரல் பாதிப்புப் பதிவுகள் உண்டு.

பூனைக்காலி விதைப் பொடியை "மூடு" ஏற்றும் என்று இப்போது நிறைய விற்கிறார்கள். அதில் இருப்பது எல்-டோபா, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். டிப்ரஷன் மாத்திரையோடு ஓலன்சபின், ரிஸ்பெரிடோன் போன்றவற்றையும் டாக்டர் எழுதியிருந்தால் அவை மூளையிலுள்ள டோபமின் என்ற பொருளைத் தணிக்கப் பார்க்கும், இது ஏற்றப் பார்க்கும். பிரமை, சந்தேகம் ஏற்கெனவே வந்து போனவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

சர்ப்பகந்தா இன்னும் கவனமாக இருக்க வேண்டியது. இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளில் இருக்கும். இதிலிருந்துதான் 1952-ல் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. நரம்பு செல்களில் சேமித்திருக்கும் செரோடோனின், நார்அட்ரினலின், டோபமின் மூன்றையும் அது காலி செய்யும். 1950-களில் இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் எடுத்த சிலர் மனச்சோர்வில் விழுந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். மனச்சோர்வுக்கும் செரோடோனினுக்கும் தொடர்பு உண்டோ என்று ஆராய்ச்சியாளர்களை யோசிக்க வைத்தவற்றில் அதுவும் ஒன்று.

சித்த மருத்துவரிடம் போவதையே தடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், ஆனால் டிப்ரஷன் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். எழுத்தே இல்லாத பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பொடியை மட்டும் எந்தச் சூழலிலும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு இரண்டு நாள் உற்சாகம் கொடுக்கும், அப்புறம் தூக்கத்தையும் மனதையும் சேர்த்துக் கெடுக்கும்.

மீன் எண்ணெய், வைட்டமின் டி, பி12?

இவை பெரும்பாலும் சேரும். மீன் எண்ணெயில் மனதுக்குக் கொஞ்சம் உதவுவதாக ஆய்வுகளில் தெரிவது ஈ.பி.ஏ. என்ற பகுதி. லேபிளில் "மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காமல், அதில் ஈ.பி.ஏ. எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள். மத்தி மீன் கிடைக்கிற ஊரில் இருந்தால் வாரம் இரண்டு நாள் குழம்பு வைப்பது அதைவிட நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பி12 குறைவாக இருந்தால் அசதி, மறதி, சோர்வு எல்லாம் வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுபவர்கள் இரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் என்பது வாரம் ஒன்று, டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று போட்டவரையும், இரண்டு மாதத்துக்கு எழுதியதை ஒன்றரை வருடம் தொடர்ந்தவரையும் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், சோர்வு வரும். சோர்வுக்கு என்று எடுத்ததே சோர்வைக் கொண்டுவந்துவிடும்.

தூக்கத்துக்கு மெலடோனின்?

பொதுவாகச் சேரும். ஆனால் ஃப்ளூவாக்சமின் என்ற டிப்ரஷன் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சேராது. அது மெலடோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுவதால், இரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறிவிடும். ஃப்ளூவாக்செட்டின், ஃப்ளூவாக்சமின் இரண்டும் கேட்க ஒன்று போலவே இருக்கும். அட்டையைப் பார்த்துப் படியுங்கள்.

குங்குமப்பூ பால், மஞ்சள் பால்?

தாராளமாகக் குடியுங்கள். மஞ்சளிலிருந்து எடுத்துச் செறிவாக்கிய குர்குமின் மாத்திரையில் மிளகின் பைபெரின் சேர்த்திருப்பார்கள். அது சில மருந்துகளின் அளவை ஏற்றலாம் என்பதால் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சளி, தலைவலிக்கு வழக்கமாகப் போடுவதைப் போடலாமா?

சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்கிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. அதனால் நானே கேட்டு எழுதுகிறேன்.

வறட்டு இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிறது. அதுவும் செரோடோனினைத் தொடும். ஃப்ளூவாக்செட்டினும் பராக்செட்டினும் அது உடம்பை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். வேறு சிரப் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வலிக்கு டிரமடாலும் இதே வகைதான், கூடவே வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றில் சிக்கல் வேறு. இரத்தத் தட்டணுக்கள் உறைவதற்கும் செரோடோனினைத்தான் பயன்படுத்துகின்றன. டிப்ரஷன் மாத்திரை தட்டணுக்களுக்குள் இருக்கும் செரோடோனினைக் குறைத்துவிடுவதால், வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிகிற வாய்ப்பு கூடும். முழங்கால் வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடும் வயதானவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனை. சாதாரணத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரைகளான ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல்கூட எஸ்சிட்டலோப்ராம் அளவை ஏற்றும். சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் டாக்டர் அதற்குத் தகுந்த அளவைத் தீர்மானித்துவிடுவார்.

மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறிவிடலாமா?

திடீரென்று வேண்டாம். பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் கரண்ட் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். ஃப்ளூவாக்செட்டின் நேர் எதிர். நிறுத்திய பிறகும் சுமார் ஐந்து வாரம் உடம்பில் தங்கியிருக்கும். "நிறுத்திட்டேனே" என்று மறுநாளே 5-ஹெச்.டி.பி. ஆரம்பித்தாலும் இரண்டும் உள்ளே சேர்ந்துதான் இருக்கும். மாற விருப்பம் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

பைபோலார் இருப்பவர்கள்?

பைபோலார் என்பது மனம் சோர்வுக்கும் அதற்கு நேர் எதிரான பித்து நிலைக்கும் மாறி மாறிப் போகும் நோய். எதையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் சாம்-இயும் மனதை மறுபக்கம், அதாவது பித்து நிலைக்குத் தள்ளிவிடலாம். இந்த நோய்க்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகூட லித்தியத்தை நச்சு அளவுக்கு ஏற்றிவிடலாம்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

சிலர் முகம் சுளிக்கலாம், உண்மைதான். "இதையெல்லாம் யார் சாப்பிடச் சொன்னது?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து சொல்லாமல் வந்துவிடுகிறோம். வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு மேசையில் வையுங்கள்: அட்டை, பாட்டில், சூரண டப்பா, புரோட்டீன் பவுடர், இருமல் சிரப். "இதெல்லாம் சேருமா டாக்டர்?" என்று ஒரே வாக்கியம் போதும். அவருக்கு நேரமில்லை என்றால் மாத்திரை வாங்கும் கடையில் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், மருந்துப் பக்கவிளைவைப் பதிவு செய்யும் அரசின் இலவச எண் 1800-180-3024. அதில் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம்.

மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது. டிப்ரஷன் மாத்திரையை வைட்டமின் டப்பாவுக்குள் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒரு பெண் கடைக்கு எதிரில் வெகுநேரம் நின்றுவிட்டு, கூட்டம் குறைந்ததும் வந்து கேட்டாள். வைட்டமினை எல்லார் முன்னாலும் விழுங்கலாம், இதை முடியாது என்றாள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்படி வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் பெயரும் காலாவதி தேதியும் போய்விடும். வீட்டில் வேறு யாராவது அசதியாக இருக்கிறது என்று அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம், குழந்தை கையில் கிடைக்கலாம். நாளைக்கு மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்ற கேள்விக்கு வீட்டார் "வைட்டமின்தான்" என்பார்கள்.

அட்டையோடு ஒரு சின்ன பர்ஸில் வைக்கச் சொன்னேன். சீட்டைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாத்திரை பெயர், அளவு, டாக்டர் போன் நம்பர் மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி நானே கொடுத்தேன். வீட்டில் ஒரே ஒருவருக்காவது சொல்லிவிடு, யாரிடம் சொன்னால் மனசு பதறாதோ அவரிடம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நாத்தனார்கிட்ட சொல்லலாம்க்கா" என்றாள்.

அடுத்த மாதம் அதே துண்டுத்தாளோடு மாத்திரை வாங்க நாத்தனார்தான் வந்தார்.